வகைக்கு ஒரு பாட்டு: பாட்டு பெரிதா, கேட்ட நேரம் பெரிதா?

ரேடியோசெட்டு மகன்:

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பையன் "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது சார்" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. ஒரே பாட்டு என்றால் எதைச் சொல்வது? வீட்டுக்கு வந்து வகைக்கு ஒன்றாக எழுதிப் பார்த்தேன், அதைத்தான் இங்கே போடுகிறேன். நீங்களும் போடுங்கள், ஆனால் ஏன் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா சங்கரன்கோவில் பக்கம் ரேடியோ செட் வைத்திருந்தவர். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, இழவு, எதுவானாலும் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிபயர், தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டு, இவற்றை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார், லீவு நாளென்றால் நானும் பெட்டி மேல் உட்கார்ந்து போவேன். அதனால் கர்னாடகம், சினிமா, மெல்லிசை என்ற பிரிவெல்லாம் எனக்குப் பிறகு யாரோ சொல்லித் தெரிந்ததுதான். எனக்குத் தெரிந்தது அப்பாவின் பிரிவு: விடியக்காலைப் பாட்டு, தாலி கட்டும் நேரத்துப் பாட்டு, பந்திப் பாட்டு, பிணம் எடுக்கும் பாட்டு.

விடியக்காலைக்கு சீர்காழியின் "விநாயகனே வினை தீர்ப்பவனே". எந்த வீட்டிலும் முதல் ரெக்கார்டு அதுதான். ஊசி கிர்ரென்று தேய்கிற சத்தம் முதலில் வரும், அப்புறம் அந்தக் குரல் வரும், குழாய் கட்டிய வேப்பமரத்துக் காக்கா அத்தனையும் எழுந்து ஓடும். கல்யாணத்துக்கு "வாராயென் தோழி வாராயோ", பாசமலர், 1961, எல்.ஆர்.ஈஸ்வரி. எங்கள் அக்கா கல்யாணத்தில் அப்பாதான் செட் போட்டார். அந்த ரெக்கார்டை வைத்துவிட்டு, யூனிட்டில் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டு குழாய் கட்டிய மரத்தடிக்குப் போய் நின்றார். யூனிட்டில் ஒரு கோளாறும் இல்லை. இழவுக்கு "வீடுவரை உறவு". நாட்டுப்புறத்துக்குக் கழுகுமலைக் காவடிச்சிந்து. நாயனத்துக்கு "சிங்கார வேலனே தேவா". அப்புறம் நாகூர் ஹனிபாவின் "இறைவனிடம் கையேந்துங்கள்", இது எங்கள் அம்மன் கொடையில் இரண்டாம் நாள் காலையில் தவறாமல் ஓடும், ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் பிறகு நான் கண்டது ஒன்றுதான். பாட்டு நல்லதா சுமாரா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். யாரோடு இருந்தபோது, எந்த நேரத்தில் காதில் விழுந்தது என்பதுதான் பாட்டு. மீதியெல்லாம் வித்வான்கள் பேச்சு.

ரீதிகௌளை:

வித்வான்கள் பேச்சு என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் பேசாமல் போக முடியவில்லை :)

அக்கா கல்யாணத்தில் அப்பா அன்றைக்கு ஒரு பாட்டா போட்டிருப்பார்? காலையிலிருந்து சாயங்காலம் வரை ஐம்பது ரெக்கார்டாவது ஓடியிருக்கும். அதே அக்கா, அதே அப்பா, அதே பந்தல். மற்ற நாற்பத்தொன்பது எங்கே போயிற்று? நேரம்தான் பாட்டு என்றால் அந்த நேரத்தில் ஓடிய எல்லாமே ஒட்டியிருக்க வேண்டுமே. ஒட்டவில்லை. அந்த ஒன்றில் ஏதோ கொக்கி இருக்கிறது, அது மெட்டில் இருக்கிறது, ஈஸ்வரி குரலில் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கும் தெரியும், அதனால்தான் மரத்தடிக்குப் போனார்.

என் கதையைச் சொல்கிறேன். எனக்குப் பிடித்தது "சின்னக் கண்ணன் அழைக்கிறான்", கவிக்குயில், 1977, பாலமுரளிகிருஷ்ணா பாடியது. அதை முதலில் கேட்ட அன்று எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை. காதல் இல்லை, சாவு இல்லை, பரீட்சை முடிவு இல்லை. ஸ்ரீரங்கத்தில் மாமி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டு ரேடியோவில் வந்தது. கை நின்றுவிட்டது. ராகத்தின் பெயர் தெரியாது, பாடுகிறவர் யாரென்றும் தெரியாது. இரண்டு வருஷம் கழித்துப் பாட்டு கிளாஸில் சுப்பராய சாஸ்திரியின் "ஜனனி நினுவினா" சொல்லிக் கொடுத்தபோது முதல் வரியிலேயே எனக்கு வெங்காய வாசனை வந்தது. வாய் தவறி டீச்சரிடம் "இது அந்த சினிமாப் பாட்டு" என்று சொல்லிவிட்டேன், அதற்கு வாங்கியது தனிக் கதை.

அதற்கப்புறம் 1983இல் "தலையைக் குனியும் தாமரையே", 1999இல் "அழகான ராட்சசியே", 2008இல் "கண்கள் இரண்டால்". மூன்று இசையமைப்பாளர்கள், மூன்று காலம், நடுவில் எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றுத் தலையும் நரைத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் ராகம் எது என்று மூளை சொல்லும் முன்பே கை நின்றது. எல்லாம் ஒரே ராகம், நான் இங்கே பெயராக வைத்திருக்கிற ரீதிகௌளை. அது நேராக ஏறுகிற ராகம் இல்லை. இரண்டு படி ஏறும், ஒன்று இறங்கும், போன இடத்துக்கே திரும்பி வந்து நிஷாதத்தில் கொஞ்சம் தங்கும். ஏதோ சொல்ல வந்துவிட்டுத் தயங்குகிற ஆள் மாதிரி. அந்தத் தயக்கம் ராகத்துக்குள்ளேயே இருக்கிறது. என் வாழ்க்கையைக் கொண்டுபோய் அதில் ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்று. காவடிச்சிந்தை நாட்டுப்புறம் என்று போட்டிருக்கிறீர்கள். அது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் எழுதியது, ஊற்றுமலை ஜமீன் ஆதரவில் இருந்த புலவர் அவர். சந்தம் பிசகினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நாட்டுப்புறம் அல்ல அது.

ரேடியோசெட்டு மகன்:

அக்கா, ஒன்றுமே நடக்கவில்லை என்கிறீர்கள், ஆனால் திண்ணை ஞாபகம் இருக்கிறது, மாமி வீடு ஞாபகம் இருக்கிறது, வெங்காயம் சின்ன வெங்காயம் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. பெரிய வெங்காயமாக இருந்திருந்தால் இந்தப் பாட்டு பிடித்திருக்காது போல!

ரெட்டியார் விஷயம் தெரியும். எங்கள் பக்கத்து ஊர்க்காரர், முப்பது வயதைத் தொடாமல் போய்ச் சேர்ந்தவர். ஆனால் காவடி தூக்கிக்கொண்டு கழுகுமலைக்கு வெயிலில் ஆடிப் போகிறவனிடம் போய் "தம்பி இது நாட்டுப்புறம் இல்லை, ஜமீன் புலவர் எழுதியது" என்று சொல்லிப் பாருங்கள். அவன் பாட்டனுக்கு வாய்மொழியாக வந்தது, அவனுக்கும் அப்படியே வந்தது. எழுதினவர் பேர் தெரிந்தால் நாட்டுப்புறம் போய்விடுமா?

ரீதிகௌளை:

வெங்காயம் நினைவில் நிற்பது பாட்டால். பாட்டு நினைவில் நிற்பது வெங்காயத்தால் அல்ல. அந்த வீட்டில் நான் நூறு நாள் வெங்காயம் உரித்திருக்கிறேன், மற்ற நாள் எதுவும் ஞாபகமில்லை. நீங்கள் கயிற்றை எதிர்ப்பக்கத்திலிருந்து பிடித்து இழுக்கிறீர்கள்.

காவடிச்சிந்தை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். பாதி.

ஸ்கார்பரோ:

இரண்டு பேரும் கயிறு இழுக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சி. 1990க்குப் பிறகு எங்கட பக்கம் கரண்ட் இல்லை, பற்றறியும் தடை. வெளியில் இருக்கிற ஆட்களுக்கு இது விளங்குமோ தெரியாது. வருஷக்கணக்கா இரவில் ஜாம் போத்தல் விளக்குத்தான். றேடியோ கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் வருகிற கரண்டில் கேட்பது. எங்கட வீட்டில் றேடியோவோடு சேர்ந்த கசெற் பெட்டி ஒன்று இருந்தது. அண்ணா சுத்துவார், நான் பக்கத்தில் இருப்பேன். இருந்தது நாலைந்து கசெற், அதில் ஒன்றில் "காற்றில் எந்தன் கீதம்", ஜானி, 1980, ஜானகியம்மா.

அண்ணா களைத்தால் சுத்துறது மெதுவாகும். உடனே ஜானகியம்மாவின் குரலும் இறங்கும், ஒரு ஆம்பிளையின் குரல் மாதிரி ஆகிவிடும். நான் "சுத்து, சுத்து" என்று கத்துவேன். அண்ணா ஆவேசமாகச் சுத்துவார், குரல் மேலே ஏறிச் சின்னப்பிள்ளைக் குரல் மாதிரி வரும். இப்படித்தான் மூன்று வருஷம் அந்தப் பாட்டைக் கேட்டேன். 1997இல் கனடா வந்து இங்கே ஒரு தமிழ்க் கடையில் அதே பாட்டு ஒழுங்கான வேகத்தில் போனது. நான் சாமான் கூடையை வைத்துவிட்டு நின்று கேட்டேன். இது வேறு ஆரோ பாடுகிறது என்று நினைத்தேன். உண்மையாகவே. இப்பவும் சரியான பாட்டு எனக்குக் கொஞ்சம் பொய்யாகத்தான் கேட்கும்.

ஆகவே என்னுடைய வாக்கு ரேடியோசெட்டு அண்ணாவுக்கு. மெட்டே மாறிப்போன பாட்டு எனக்குப் பிடித்த பாட்டு என்றால் மெட்டில் என்ன இருக்கிறது?

மற்ற வகைக்கு: பொப்பிசை என்றால் நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே". அதை விளக்க ஏலாது. எந்த ஊர்க் கலியாணத்திலும் வயது போனவர்கள் முதலில் எழும்பி ஆடுகிற பாட்டு அது.

ரீதிகௌளை:

படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆனால் வாக்கை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

டைனமோ மெதுவானால் டேப் மெதுவாகும், எல்லாச் சுரமும் சேர்ந்துதான் இறங்கும். மெட்டு என்பது சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம். எல்லாம் ஒன்றாக இறங்கினால் அந்தத் தூரம் மாறாது, சுருதிதான் மாறும். ஒரே பாட்டை நீங்கள் ஒன்றரைக் கட்டையிலும் ஐந்து கட்டையிலும் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அத்தனை அலைக்கழிப்பிலும் பாட்டு பாட்டாகவே நின்றிருக்கிறது பாருங்கள், அதுதான் என் கட்சி. சுமாரான மெட்டாக இருந்தால் அண்ணா கையை எடுத்துவிட்டுப் படுக்கப் போயிருப்பார்.

ஸ்கார்பரோ:

ஒரு சுரத்தின் நடுவிலேயே அண்ணாவின் கை தளரும் அக்கா. அப்ப அந்த இடம் வழுக்கும். உங்கட கணக்கில் அது பிழை. எனக்கு அந்த வழுக்கல்தான் வேண்டும்.

அண்ணா இப்ப நோர்வேயில். தோள்மூட்டு வலி என்று போன மாதம் சொன்னார், உன்னுடைய ஜானகியால் வந்தது என்றார்.

புளியந்தோப்பு:

நானும் ரொம்ப நேரமா படிச்சிட்டு இருக்கேன். முதல் பதிவில் ஒருத்தர் இழவு என்று ஒரு வகை போட்டார் பாருங்க, அதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். மற்ற எல்லா இடத்திலும் கர்னாடகம், மெலடி, குத்து என்று போடுவார்கள். இழவு ஒரு வகைதான். எங்கள் பக்கம் அதுதான் பெரிய வகை.

ஆனால் அதற்கு "வீடுவரை உறவு" போட்டீங்க அண்ணே, அங்கேதான் எனக்கு ஒத்துவரல. அது யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். கண்ணதாசன் யாருடைய பேரையும் சொல்லவில்லை அதில். எங்கள் ஏரியாவில் ஒருத்தர் செத்தால் ராத்திரி ஷாமியானா போட்டு, டோலக் கொண்டுவந்து, கானா பாடுறவங்களைக் கூப்பிடுவார்கள். செத்தவர் பேர், எங்கே வேலை பார்த்தார், எந்த டீக்கடையில் உட்காருவார், யாருக்கு என்ன செய்தார், எல்லாத்தையும் வீட்டு ஆட்களிடம் பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டு விடிய விடியப் பாடுவார்கள். மெட்டு பழசாக இருக்கும், ஏதாவது சினிமா மெட்டாகக்கூட இருக்கும். வரி அன்றைக்குப் பிறந்தது. காலையில் பிணம் எடுத்ததும் பாட்டும் போய்விடும்.

எங்க நைனா ஹார்பரில் மூட்டை தூக்கினவர். 2003இல் போனார். அன்று ராத்திரி பாடினதில் ஒரு இடம், நைனா சம்பள நாளில் எங்களுக்குப் பொரை வாங்கி வருவதை வைத்துப் பாடினார்கள். மூன்று, நான்கு வரி. என் வாழ்க்கையில் பிடித்த பாட்டு அதுதான். ரெக்கார்ட் இல்லை, யூடியூபில் இல்லை, பாடினவரும் இப்போது இல்லை. எனக்கே ஒன்றரை வரிதான் ஞாபகம் இருக்கிறது. இப்ப சொல்லுங்க, இதை உங்கள் இரண்டு பேர் கட்சியில் எதில் சேர்ப்பீங்க?

சினிமாவில் கானா வந்தது தெரியும். 1996இல் காதல் கோட்டையில் தேவா சார் "கவலைப்படாதே சகோதரா" பாடினப்போ எங்கள் தெருவே பாடியது, 2006இல் "வாள மீனுக்கும்" வந்து உலகநாதன் அண்ணன் திரையிலேயே நின்று பாடினப்போ பட்டாசு வெடித்தோம். 2018இல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையில் கோட்டு போட்டு நம்ம பசங்க பாடினப்போ நான் கூட்டத்தில் நின்றேன். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் சினிமாக்காரனுக்குக் கானாவில் கிண்டலும் லவ்வும்தான் தேவைப்பட்டது. அழுகையை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

ரீதிகௌளை:

தம்பி, எந்தக் கட்சியிலும் சேர்க்க முடியவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறந்து அன்றைக்கே போகிற பாட்டு எனக்குத் தெரியாதது இல்லை. கச்சேரியில் நல்ல ஆலாபனை அப்படித்தான். ஒரு சாயங்காலம் வரும், மறுநாள் அதே பாடகர் அதே ராகம் பாடினாலும் அது வராது...

புளியந்தோப்பு:

அக்கா, மரியாதையாவே சொல்றேன், கச்சேரியோடு ஒப்பிடாதீங்க. உங்க ஆலாபனை போனாலும் ராகம் இருக்கும், அதுக்கு நோட்டு புஸ்தகம் இருக்கும், சபா இருக்கும், பத்திரிகையில் விமர்சனம் வரும், பாடினவருக்கு ஒரு பட்டம் வரும். எங்களுடையது போனால் போச்சு. இரண்டும் போகுது என்பதால் இரண்டும் ஒன்று இல்லை.

ரீதிகௌளை:

சரி. அந்த ஒப்பீடு அவசரத்தில் வந்தது, எடுத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அன்று ராத்திரி உங்கள் அப்பாவைப் பற்றி நிறையப் பாடியிருப்பார்கள். பொரை வாங்கி வந்த வரிதான் ஏன் தங்கியது? பாடியவர் கெட்டிக்காரர். மூட்டையைப் பற்றி யாரும் பாடுவார்கள். பொரையைக் கண்டுபிடிக்க ஒரு கலைஞன் வேண்டும். அவருக்கு உரிய மரியாதையை "கேட்ட நேரம்" என்று சொல்லி நேரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்கிறேன்.

புளியந்தோப்பு:

அது... சரிதான். அந்த ஆள் கெட்டிக்காரர்தான். தண்ணி போட்டால் இன்னும் கெட்டிக்காரர்.

கோத்தகிரி:

இங்கே இருப்பவர்களில் நான்தான் சின்னவள் என்று நினைக்கிறேன், 25 வயது. ரெக்கார்டும் கேசட்டும் எனக்குப் படத்தில் பார்த்ததுதான். உங்கள் எல்லோர் கதையிலும் வாழ்க்கையும் பாட்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன, அவற்றில் எது முந்தி என்பதுதான் சண்டை. என் கதையில் பாட்டு முதலில் வந்தது, வாழ்க்கை அப்புறம் வந்தது, அதுவும் என் வாழ்க்கை இல்லை.

2021 மார்ச்சில் "எஞ்சாய் எஞ்சாமி" வந்தபோது காலேஜ் ஆன்லைனில் ஓடிக்கொண்டிருந்தது, நான் வீட்டில் இருந்தேன். எல்லோரையும் போல நானும் ஆடினேன். பாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இது என்னடி ஒப்பாரியைக் கொண்டுபோய் ஆட்டமாக்கி வெச்சிருக்காங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதில் பாடிய ராப் பாடகர் அறிவு தன் பாட்டியின் தேயிலைத் தோட்டக் கதையை வைத்து அதைச் செய்தார் என்று அப்புறம்தான் படித்தேன். படித்துவிட்டுப் போய், "நீயும் சிலோன்தானே பாட்டி" என்று கேட்டேன். அதுவரை கேட்டதே இல்லை.

இலங்கைத் தோட்டத் தமிழர்களைப் பற்றிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 1964இல் போட்டது, அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தது என்பதெல்லாம் எனக்கு இணையத்தில் கிடைத்தது. பாட்டி சொன்னது வேறு. தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அவளுடைய அம்மா ஏறவில்லை, அம்மாவுக்கு இந்தியா வரப் பத்திரம் வரவில்லை. கப்பலில் யாரோ ஒரு பெண் ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள், செத்தவர் யாரும் இல்லை, ஆனால் எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மண்டபம் முகாம், அங்கிருந்து இங்கே தேயிலை எஸ்டேட். பாட்டி அந்த ஒப்பாரியை எனக்குப் பாடிக் காட்டினாள். போனில் பதிந்துவைத்திருக்கிறேன், 6 நிமிஷம். இப்போது வகைக்கு ஒன்று போடச் சொன்னால் நாட்டுப்புறத்துக்கு அதைப் போடுவேன், அந்தப் பாட்டு வராமல் இருந்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

அதனால் ரேடியோசெட்டு சார் சொல்வதும் சரியில்லை என்று படுகிறது. நினைவைப் பாட்டில் மாட்டிவைக்கிறோம் என்றால், எனக்கு மாட்ட நினைவே இல்லையே. பாட்டுதான் போய் எடுத்துவந்தது.

புளியந்தோப்பு:

தங்கச்சி, கதை நெஞ்சை அடைக்குது. ஆனால் எனக்கு ஒரு கோபமும் வருது, சொல்லிடறேன். பாட்டி அத்தனை வருஷமா அதே அடுப்படியில் இருந்திருக்காங்க. எங்கேயாவது ஒரு சாவு வீட்டில் பாடியும் இருப்பாங்க. அது உங்கள் காதில் பாட்டாக விழவில்லை. யூடியூபில் லட்சக்கணக்கில் பார்த்த பிறகுதான் விழுந்தது. இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்றேன்.

கோத்தகிரி:

ஆமாம் அண்ணா. பாடியிருக்கிறாள், நான் கேட்டும் இருக்கிறேன். எஸ்டேட் லைனில் யாராவது இறந்தால் போவாள், திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கும், நான் சுடுதண்ணி வைத்துக் கொடுப்பேன். அதைப் பாட்டு என்று நான் நினைக்கவே இல்லை. ஸ்கூலில் ஃப்ரெண்ட்ஸிடம் பாட்டி என்ன செய்கிறாள் என்று சொல்லவும் கூச்சம். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

புளியந்தோப்பு:

சாரி மா. கோபம் உங்க மேல இல்லை. அந்த 6 நிமிஷத்தை இரண்டு மூன்று இடத்தில் காப்பி எடுத்து வெச்சுக்கங்க. போன் விழுந்தால் போயிடும்.

ஸ்கார்பரோ:

கோத்தகிரிப் பிள்ளை, எங்கட பக்கத்திலும் மலையக ஆட்களின்ர கதை எங்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. அதே தீவில் இருந்த எனக்கே இந்தக் கப்பல் கதை பிறகுதான் தெரியும். அந்தத் தலைமன்னாரை நான் தபால் ரெயிலின் பெயராக மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

ரேடியோசெட்டு மகன்:

இரண்டு நாள் வரமுடியவில்லை, வந்து பார்த்தால் என் கட்சியில் ஓட்டை விழுந்திருக்கிறது. கோத்தகிரிப் பாப்பா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அது எனக்குப் புதுசு. புளியந்தோப்புத் தம்பிக்கும் பதில் இல்லை. ஆனால் "வீடுவரை உறவு" யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதில் ஒரு விஷயம் இருக்கிறது, முதல் பதிவில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

அப்பா அந்த ரெக்கார்டை எத்தனை இழவில் போட்டிருப்பார் என்று கணக்கில்லை. கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது என்னிடம் சொன்னார், "எனக்கு அதப் போட்ராதல. கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு. சிங்கார வேலனைப் போடு." 2009இல் போனார். அப்போது ரெக்கார்டெல்லாம் ஓடாது, ஒரு தம்பியிடம் சொல்லி பென்டிரைவில் ஏற்றி, அப்பாவின் பழைய குழாயிலேயே போட்டேன். காருகுறிச்சியார் நாயனம் எடுத்த எடுப்பிலேயே தெருவில் சலசலப்பு. இழவு வீட்டில் நாயனமா, மங்கலப் பாட்டா, பயலுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று பெரியப்பா மகனே வந்து வயரைப் பிடுங்கினான். நான் மறுபடி மாட்டினேன். மறுபடி பிடுங்கினான். அம்மா உள்ளேயிருந்து, "அவரு செட்டு, அவரு சொன்ன பாட்டு, ஓடட்டும்" என்று ஒரு சத்தம் போட்டாள். அப்புறம் யாரும் தொடவில்லை.

அதிலிருந்து அந்தப் பாட்டை என்னால் கல்யாண வீட்டில் கேட்க முடிவதில்லை. போன வாரக் கல்யாணத்தில் அந்தப் பையன் கேள்வி கேட்டானே, அப்போது மண்டபத்தில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ரீதிகௌளை:

சார், மன்னிக்கணும், இந்த நேரத்தில் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் உங்கள் அப்பா என் கட்சி.

யோசித்துப் பாருங்கள். ஊருக்கெல்லாம் நேரம் பார்த்துப் பாட்டுப் போட்டவர். இழவுக்கு எது, கல்யாணத்துக்கு எது என்று வரிசையே அவர் வைத்ததுதான். தனக்கென்று வந்தபோது நேரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாட்டைக் கேட்டார். அதுவும் எதை? ஆபேரி ராகம், ஜானகி குரல், எதிரே காருகுறிச்சி அருணாசலம் நாயனம். 1962இல் கொஞ்சும் சலங்கை, அதற்கு இரண்டே வருஷத்தில் அவரும் போய்விட்டார். குரலும் நாயனமும் ஒன்றை ஒன்று துரத்துகிற கடைசிச் சுரங்களை இத்தனை வருஷத்தில் நான் எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது, இன்னும் எனக்குப் புளிக்கவில்லை. புளித்தது எது, புளிக்காதது எது என்று ஊசியைத் தூக்கி வைத்தே கண்டுபிடித்த ஆள் உங்கள் அப்பா.

ரேடியோசெட்டு மகன்:

நல்ல அடி அக்கா. இரண்டு முறை படித்தேன்.

ஆனால் அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன், பக்கத்தில்தான் இருக்கிறாள். அப்பா கல்யாணமாவதற்கு முன்பு, இன்னொருவர் செட்டில் கையாளாக இருந்தபோது, ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் காருகுறிச்சியார் கச்சேரிக்கு மைக் கட்டியிருக்கிறார். மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, கிட்டத்தில் வைத்துவிட்டார், குழாய் கீச்சிட்டது. முதலாளி அடிக்கக் கை ஓங்கியிருக்கிறார். நாயனக்காரர் சிரித்துக்கொண்டே தானே மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு வாசித்தாராம். இதை அம்மாவிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அதனால் அப்பா யார் கட்சி என்பதை இப்போதைக்கு இழுபறி என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்கார்பரோ:

ரெக்கார்டு இன்னும் இருக்கோ அண்ணா?

ரேடியோசெட்டு மகன்:

பெட்டியோடு இருக்கிறது. சிங்கார வேலன் மட்டும் ஓரத்தில் சின்ன உடைசல், பாட்டு ஆரம்பிக்கும் இடத்தில் இல்லை. ப்ளேயரும் சுற்றுகிறது. ஊசிதான் இல்லை, திருநெல்வேலியில் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

புளியந்தோப்பு:

ப்ளேயரில் ஊசி மாட்டுற முனையை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துப் போடுங்க அண்ணே, அடியில் ஏதாவது நம்பர் இருந்தால் அதையும். சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போறேன், கேட்டுட்டு வந்து சொல்றேன்.